ஐந்து வாரக் குஞ்சுகள் அடுத்தடுத்துச் சாகின்றன: சம்பாரா (வெள்ளைக் கழிச்சல்), வேறு ஏதுமா?

லயத்துவீடு (சுங்கை சிப்புட், மலேசியா) | செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோட்டத்துப் பழைய லயத்தில்தான் (தொழிலாளர் வரிசை வீடு) இன்னும் இருக்கிறோம். பின்கட்டில் கம்போங் கோழிக் (நாட்டுக்கோழி) குஞ்சுகள் நாற்பது போல வளர்க்கிறேன், எல்லாம் ஐந்து வாரம் ஆனவை. ஆடியில் முனியாண்டி கோயில் பூசைக்குச் சேவல் வேண்டும் என்று லயத்தில் பாதிப் பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

முந்தாநாள் ஒன்று செத்துக் கிடந்தது. மழை பெய்ததே, குளிர் தாங்கவில்லை போல என்று நினைத்தேன். நேற்று மூன்று, இன்றைக்கு ஐந்து. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எச்சம் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாகப் போகிறது, பின்பக்கத்து இறகெல்லாம் நனைந்து ஒட்டியிருக்கிறது. சில குஞ்சுகள் தம் பின்பக்கத்தைத் தாமே திரும்பித் திரும்பிக் கொத்துகின்றன. நடக்க விட்டால் கால் நடுங்குகிறது. முடியாதவை அலகைத் தரையில் ஊன்றிப் படுத்துவிடுகின்றன.

முதல் வாரத்திலேயே சம்பார் தடுப்பு மருந்து கண்ணில் விட்டாயிற்று. அப்படியும் சம்பார் வருமா? பட்டணத்தில் ஒரு கடையில் மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்துத் தூள் கொடுத்தார்கள், தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். இன்னும் கலக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, நன்றாக இருக்கிற குஞ்சுகளையாவது வேறு தோட்டத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிடு என்கிறார். என்ன செய்யட்டும்?

குலிம்_தம்பி | செவ்வாய் இரவு

அக்கா, வெள்ளை எச்சம் என்றாலே சம்பார்தான். யோசிக்க நேரம் இல்லை. நன்றாக இருப்பதை நாளைக்கே கொடுத்துவிடுங்கள், இல்லை சந்தையில் தள்ளிவிடுங்கள். காசாவது மிஞ்சும். அந்த மருந்துத் தூளும் கலக்குங்கள். போன வருடம் எங்கள் வீட்டில் இப்படித்தான் ஆனது, தூள் கொடுத்து மூன்றாம் நாள் சாவு நின்றுவிட்டது.

பண்ணைக்காரர் (சித்தியவான்) | செவ்வாய் இரவு

தங்கச்சி, முதலில் ஒரு குஞ்சுகூட வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. விற்கவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். இன்றைக்கு நன்றாக நிற்கிற குஞ்சு நாளை மறுநாள் படுத்துவிடும். ஆனால் அதற்குள் அந்தத் தங்கச்சி வீட்டுக் கோழிக்கெல்லாம் நோயைக் கொடுத்திருக்கும். நம் தோட்டங்களில் யார் கோழி யார் வாசலில் மேய்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு லயத்தில் வந்தால் வாரத்துக்குள் நாலு லயத்துக்குப் போகும். குலிம் தம்பி நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் இதை மட்டும் கேட்காதீர்கள்.

இரண்டாவது, அந்த மருந்துத் தூள். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பேசுவோம்.

இன்னும் சில கேள்விகள். கழுத்து முறுக்கிக்கொண்டு மேலே பார்க்கிறதா? வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, கொர கொர சத்தம் வருகிறதா? எச்சத்தில் இரத்தம் உண்டா? தாய்க் கோழிகளும் பெரிய சேவல்களும் எப்படி இருக்கின்றன? வாத்து ஏதும் வளர்க்கிறீர்களா?

லயத்துவீடு | செவ்வாய் இரவு

கழுத்து நேராகத்தான் இருக்கிறது அண்ணே. மூச்சுச் சத்தம் இல்லை. இரத்தமும் இல்லை, நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டேன். பெரிய கோழிகள் எல்லாம் ஜோராக மேய்கின்றன, நேற்றுகூட முட்டை இட்டன. பக்கத்து வீட்டு வாத்துகளும் அதே இடத்தில்தான் சுற்றுகின்றன, அவற்றுக்கு ஒன்றும் இல்லை. உறையில் சல்ஃபா என்று ஏதோ நீளமாக எழுதியிருக்கிறது.

பண்ணைக்காரர் | செவ்வாய் இரவு

சரி. இப்போது ஓரளவு தெளிகிறது. நான் மருத்துவர் இல்லை, பல வருடங்கள் பண்ணையில் மேற்பார்வை பார்த்தவன். ஆய்வு செய்யாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எனக்குச் சந்தேகம் கும்போரோ நோய் மீது. அது குஞ்சுகளைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய்.

ஏன் என்றால், சம்பார் வயது பார்க்காது. தடுப்பு மருந்து போடாத பெரிய கோழிகளையும் சேர்த்தே அடிக்கும். மூச்சுத் திணறல், பச்சை எச்சம், கழுத்து முறுக்கு, இறக்கை தொங்கல் எல்லாம் அதில் வரும். இங்கே பெரியவை நலமாக இருக்கின்றன, ஐந்து வாரக் குஞ்சுகள் மட்டும் விழுகின்றன. கும்போரோ சரியாக 3 முதல் 6 வார வயதில்தான் இப்படிப் பாயும். தன் பின்பக்கத்தைத் தானே கொத்துவதும், நடுங்குவதும், வெள்ளைத் தண்ணீர் எச்சமும் அதோடு ஒத்துப்போகின்றன. வாத்துக்கு அந்த நோய் வராது. மனிதருக்கும் ஒட்டாது. ஆனால் எந்த நோய் என்று தெரியும்வரை முகக்கவசமும் கையுறையும் போட்டுத்தான் தொட வேண்டும், குழந்தைகளைக் கூண்டுப் பக்கம் விடாதீர்கள்.

இரத்தக் கழிச்சலும் இதே வயதில்தான் வரும். அது வைரஸ் அல்ல, குடலில் வாழும் ஒட்டுண்ணி. அதற்குத்தான் கடைக்காரர்கள் சல்ஃபா மருந்து கொடுப்பார்கள். உங்கள் குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் இல்லை. கும்போரோவில் குஞ்சின் சிறுநீரகம் ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும், உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும். அந்த நேரத்தில் சல்ஃபா கொடுத்தால் சிறுநீரகம் இன்னும் கெடும், பிழைக்க வேண்டியதும் போய்விடும். அந்தத் தூளைக் கலக்காமல் வைத்தீர்களே, நல்ல காரியம்.

இன்று இரவே செய்ய வேண்டியது இதுதான். சோர்ந்தவற்றைத் தனியே ஒரு பெட்டியில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் பல்பு போட்டுச் சூடு கொடுங்கள், மரத்தூள் நனைந்திருந்தால் மாற்றுங்கள். தண்ணீரில் எலெக்ட்ரோலைட் தூள் கலந்து வையுங்கள், அது இல்லையென்றால் கொஞ்சம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போதும். குடிக்காத குஞ்சின் அலகைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுக் காட்டுங்கள். இந்த நோயில் பாதிச் சாவு தண்ணீர் வற்றித்தான். நல்ல குஞ்சுகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, நோயாளிகளைக் கடைசியாகப் பாருங்கள். அதற்கென்று ஒரு செருப்பை ஒதுக்கி வையுங்கள்.

நாளைக் காலையில் கோலகங்சார் மாவட்ட வெட்டரினார் (கால்நடை மருத்துவ) அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். சுங்கை சிப்புட் அந்த மாவட்டத்தில்தான் சேர்கிறது. அப்போதுதான் செத்த குஞ்சு ஒன்று, சாகிற நிலையில் உயிரோடு ஒன்று என்று எடுத்துப் போங்கள். செத்ததை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஐஸ் கட்டியோடு வையுங்கள். உறைய வைக்காதீர்கள், உறைந்தால் உள்ளுறுப்பு குழைந்துபோய் ஆய்வு செய்ய முடியாது.

தோட்டத்துப்_பாட்டி (பீடோர்) | புதன் காலை

கண்ணு, எங்கள் காலத்தில் கீழாநெல்லி, மஞ்சள், சின்ன வெங்காயம், சீரகம், பூண்டு எல்லாம் அம்மியில் வைத்து அரைத்துச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி ஊட்டுவோம். சும்மா சொல்லவில்லை, தீனியே தொடாமல் கிடந்த குஞ்சு எழுந்து கொத்தியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதையும் கொடுத்துப் பார்.

பண்ணைக்காரர் | புதன் காலை

அம்மா, வணக்கம். அதைக் கொடுப்பதில் தப்பே இல்லை. தமிழ்நாட்டிலும் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் கோழிக் கழிச்சலுக்கு இப்படி மூலிகை உருண்டைகளைச் சொல்லித் தருகிறார்கள். பசி எடுக்கும், குஞ்சு தெம்பாகும். ஆனால் உருண்டை ஊட்டியாயிற்று என்று அலுவலகத்துக்குப் போகாமல் இருந்துவிடக்கூடாது. தொண்டையில் திணிக்கவும் வேண்டாம், சோர்ந்த குஞ்சுக்கு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

குலிம்_தம்பி | புதன் காலை

நாலு குஞ்சு செத்ததற்கு அரசாங்க அலுவலகமா? அவர்கள் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் யாரும் சொல்வதில்லை.

பாகாவ்_குயில் | புதன் மதியம்

தம்பி, அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் நான் நெகிரி செம்பிலான்காரி. நிப்பா வைரஸ் நோய் வந்த காலம் எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்கும் மறக்காது.

1998 கடைசியில் ஈப்போ பக்கத்தில் பன்றிப் பண்ணைகளில் தொடங்கியது. ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். இதற்கிடையில் பன்றிகளை லாரியில் ஏற்றி வேறு மாநிலத்துக்கு விற்றார்கள், நோயும் கூடவே எங்கள் மாநிலத்துப் புக்கிட் பெலாண்டோக் வரை வந்துவிட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அது புதிய வைரஸ் என்று கண்டுபிடித்த பிறகுதான் எதை எதிர்த்துப் போராடுகிறோம் என்றே தெரிந்தது. இந்த நாட்டில் 105 பேர் போய்விட்டார்கள். பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள். கொசுதான் காரணம் என்று நம்பியிருந்த மாதங்களில் எத்தனை குடும்பம் பண்ணைக்குள் வெறுங்கையோடு வேலை செய்திருக்கும்!

குஞ்சு நோயையும் அதையும் ஒன்றாக வைத்துப் பயமுறுத்த நான் எழுதவில்லை. பெயர் தெரியாத நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டே விலங்கை ஊர் மாற்றினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் கண்கூடாகப் பார்த்தோம். பறவைக் காய்ச்சலும் 2004இல் கிளந்தானில் தும்பாட் பக்கம், 2006இல் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் என்று கம்போங் கோழிகளில்தான் தெரியவந்தது. பண்ணைக் கோழிக்குக் கண்காணிப்பு உண்டு. நம் வீட்டுக் கோழிக்கு நாம் சொன்னால்தான் உண்டு.

பண்ணைக்காரர் | புதன் மதியம்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெரியதும் சின்னதுமாக ஒரே நாளில் கும்பலாகச் செத்தால், கொண்டை நீலம் பாய்ந்து முகம் வீங்கினால், எதையும் தொடாமல், அறுக்காமல், அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். தூக்கிக்கொண்டும் போகவேண்டாம், அவர்களே வருவார்கள். இந்தக் குஞ்சுகள் அந்த மாதிரி இல்லை.

லயத்துவீடு | புதன் இரவு

போய்விட்டு வந்தேன். எனக்காக இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். குஞ்சை அங்கேயே அறுத்துப் பார்த்தார், நான் தள்ளி நின்று பார்த்தேன். தோலை உரித்ததும் தொடைச் சதையில் சிவப்புச் சிவப்பாக இரத்தக் கோடுகள். பிறகு வால் பக்கம் ஆசனவாய்க்கு மேலே கத்தி முனையால் ஒரு சிறு உருண்டையைத் தூக்கிக் காட்டினார். கொட்டைப்பாக்கு அளவு இருக்கும், வீங்கி, மேலே மஞ்சளாகக் கோழை மாதிரிப் படிந்திருந்தது. வெட்டினால் உள்ளே வரி வரியாக இரத்தம். இதுதான் கும்போரோ அடிக்கிற இடம் என்றார். ஈப்போவில் இருக்கிற கால்நடை ஆராய்ச்சிக் கழகத்துக்கு மாதிரி அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வரட்டும், அதுவரை குஞ்சுகளை அடைத்தே வை என்றார். குஞ்சுகளை அழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை தம்பி.

அந்த உருண்டை என்ன உறுப்பு? கோழி எத்தனையோ அறுத்திருக்கிறேன், அதைக் கவனித்ததே இல்லை.

அறிவியல்_டீச்சர் (தாப்பா) | புதன் இரவு

அதற்கு பர்சா என்று பெயர். இத்தாலியில் ஃபேப்ரிசியஸ் என்ற உடற்கூறு அறிஞர் 400 ஆண்டுகளுக்கு முன்பே அதை எழுதி வைத்தார், எதற்கு இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. 1956இல் அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற இளம் ஆராய்ச்சியாளர், பர்சாவை எடுத்துவிட்ட கோழிகளுக்கு நோய் எதிர்ப்புப் பொருள் உண்டாகவில்லை என்று காட்டினார். மனித உடலில் எதிர்ப்புச் சக்தி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளவும் அது பெரிதும் உதவியது.

குஞ்சாக இருக்கும்போதுதான் அது பெரிதாக இருக்கும், வளர வளரச் சுருங்கி மறைந்துவிடும். பெரிய கோழியில் நீங்கள் பார்க்காததும், பெரிய கோழிக்கு இந்த நோய் வராததும் அதனால்தான். கும்போரோ வைரஸ் நேராக அங்கே போய், அங்கு உருவாகும் எதிர்ப்பு அணுக்களைத்தான் அழிக்கிறது. பிழைத்த குஞ்சின் உடம்பில் பல வாரங்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாகவே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். மூன்று வாரத்துக்குள் தொற்றினால் வெளியே ஒன்றுமே தெரியாது, ஆனால் பாதிப்பு நிரந்தரமாகிவிடும்.

லயத்துவீடு | வெள்ளி மாலை

இன்றைக்கு ஒன்றுதான் செத்தது. படுத்துக் கிடந்த நாலைந்து எழுந்து தீனி கொத்துகின்றன. இரவெல்லாம் எழுந்து எழுந்து தண்ணீர் காட்டியதற்குப் பலன் கிடைத்திருக்கிறது.

குலிம்_தம்பி | வெள்ளி மாலை

நல்ல செய்தி அக்கா. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் தூள் கொடுக்காமலே நின்றுவிட்டதே. அப்படியென்றால் எங்கள் வீட்டில் போன வருடம்?

பண்ணைக்காரர் | வெள்ளி இரவு

தம்பி, நல்ல கேள்வி. கும்போரோ ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தால் மூன்றாம் நாலாம் நாளில் சாவு உச்சத்துக்குப் போகும், பிறகு மளமளவென்று இறங்கும், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். நாம் பதறிக் கடைக்கு ஓடுவது எந்த நாள்? உச்ச நாள். எதைக் கொடுத்தாலும் மறுநாள் சாவு குறையத்தான் செய்யும். தூள் கொடுத்தவர் தூள் என்பார், பிராந்தி ஊற்றியவர் பிராந்தி என்பார், மனிதருக்கு வாங்கிய மாத்திரையைப் பொடித்துப் போட்டவர் அதுதான் என்பார். அந்தப் பெயர் அப்படியே ஊரெல்லாம் பரவி, அடுத்த முறை இரத்தக் கழிச்சலுக்கும் சம்பாருக்கும் அதையே கொடுப்பார்கள். எனக்கு வயிறு எரிவது அங்கேதான். ஆன்டிபயாட்டிக் எந்த வைரஸையும் கொல்லாது. இடையில் கிருமித் தொற்று சேர்ந்தால் மருத்துவர் பார்த்துக் கொடுப்பார், அது வேறு கணக்கு. கண்டதையும் கொடுத்துக்கொண்டிருந்தால் நாளைக்கு நமக்கே காய்ச்சல் வரும்போது அந்த மருந்து கேட்காமல் போகும்.

லயத்துவீடு | அடுத்த புதன்

முடிவு வந்துவிட்டது. கும்போரோதான். சம்பார் இல்லை, பறவைக் காய்ச்சலும் இல்லை.

பாதிக்கு மேல் பிழைத்துவிட்டன. செத்தவற்றை ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போட்டேன். முதலில் புதைத்ததைப் பியாவாக் (உடும்பு) வந்து தோண்டிவிட்டது, அதனால் மேலே கனமான பலகை போட்டுக் கல் ஏற்றியிருக்கிறேன். இனி கூண்டை என்ன செய்வது? அடை வைத்த முட்டைகள் இந்த மாதக் கடைசியில் பொரிக்கும்.

பண்ணைக்காரர் | அடுத்த புதன்

அந்தக் குஞ்சுகளை அந்தக் கூண்டுக்குள் விடவே விடாதீர்கள். சம்பார் வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்புப் போர்வை உண்டு, சோப்பும் வெயிலும் அதைச் சீக்கிரம் கொன்றுவிடும். கும்போரோவுக்கு அந்தப் போர்வை இல்லை, அதனாலேயே கெட்டி. கோழிகளை எடுத்த பிறகும் காலிக் கொட்டகையில் 122 நாள் வரை தொற்றும் நிலையில் இருந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். மரத்தூளில் ஊரும் சின்னக் கறுப்பு வண்டுகூட அதைச் சுமக்கும்.

எனவே பழைய மரத்தூள் முழுவதையும் வழித்து எடுத்துப் புதையுங்கள். செம்பனை மரத்தடியில் உரமாகக் கொட்ட வேண்டாம், மற்ற வீட்டுக் கோழி கிளறும். எச்சம் ஒட்டிய இடத்தைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகுதான் குளோராக்ஸ் மாதிரிக் கிருமிநாசினி மருந்து ஊற்ற வேண்டும். அழுக்கின் மேலே ஊற்றினால் மருந்து வீண். புதுக் குஞ்சுகளை வீட்டின் முன்பக்கம் வேறு கூண்டில், வேறு தட்டு, வேறு செருப்பு வைத்து வளருங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பிழைத்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் போட்ட சம்பார் மருந்தை இனி நம்பாதீர்கள். அது எப்படியும் ஒரு முறை போட்டால் போதாது, மூன்று நாலு வாரத்தில் மறுபடி போட வேண்டும். பர்சா அடிபட்டதால் இப்போது உடனே போட்டாலும் சரியாகப் பிடிக்காது. நன்றாகத் தேறிய பிறகு எப்போது போடலாம் என்று அந்த அதிகாரியிடமே கேளுங்கள். அதுவரை வெளியே மேய விடாதீர்கள். புதுக் குஞ்சுகளுக்கு சம்பார் மருந்தோடு கும்போரோ மருந்தும் வேண்டும், பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் ஒன்று, மூன்று நாலு வாரத்தில் இன்னொன்று. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்போது மிகவும் முந்திப் போட்டால் மருந்து வீணாகும்.

பாகாவ்_குயில் | அடுத்த புதன்

எல்லாம் சரி, ஒரு குப்பி மருந்து நூற்றுக்கணக்கான கோழிக்கு வருகிறது. பத்துக் கோழி வளர்ப்பவர் அதை எங்கே வாங்குவார்? கம்போங் கோழிக்குத் தடுப்பு மருந்து போகாததற்கு அதுவும், மருந்தை ஐஸிலேயே வைத்திருக்க வேண்டியிருப்பதும்தான் காரணம். 1980களில் நம் பெர்த்தானியான் (விவசாயப்) பல்கலைக்கழகத்தில் ஐனி இடெரிஸ் குழுவினர் ஆஸ்திரேலியாவோடு சேர்ந்து வெப்பம் தாங்கும் சம்பார் மருந்தை, தீனியிலேயே கலந்து போடும்படி உருவாக்கியது இந்தக் கஷ்டத்துக்காகத்தான்.

லயத்துவீடு | அடுத்த புதன்

அதற்கு ஒரு வழி செய்திருக்கிறோம் அக்கா. லயத்தில் எல்லா வீட்டிலும் பேசிவிட்டேன். என் குஞ்சுகளைத் தவிர மற்ற வீட்டுக் கோழிகளுக்கு ஒரே நாளில் போடலாம் என்று ஒத்துக்கொண்டார்கள், செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். என் குஞ்சுகளுக்கு இங்கே நோய் இருப்பதால் நான் எந்த வீட்டுக் கூண்டுப் பக்கமும் போகப்போவதில்லை, பக்கத்து வீட்டு அக்காவின் மகன்தான் போடுவான். அவன் என்ன கவனிக்க வேண்டும், சொல்லுங்கள் அண்ணே.

பண்ணைக்காரர் | அடுத்த புதன்

கடையிலிருந்து வரும்போதே ஐஸ் பெட்டியில் வரவேண்டும், 2 முதல் 8 டிகிரிக்குள். வெயிலில் மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தால் தண்ணீரைத்தான் கண்ணில் விடுகிறோம். கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள், அதனால் எல்லா வீட்டிலும் கோழியை முதல்நாள் இரவே அடைத்து வைத்திருக்க வேண்டும். கண்ணில் ஒரு சொட்டு விட்டு, கோழி கண்ணை மூடித் திறக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். சோர்ந்த கோழிக்குப் போட வேண்டாம். குடிநீரில் கலக்கிற மருந்து கிடைத்தால் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தக்கூடாது, அதிலுள்ள குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். கிணற்று நீர் நல்லது, இல்லையென்றால் லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவு கலந்துவிட்டு மருந்தைப் போடலாம். பையனிடம் சொல்லுங்கள், மருந்துக் கையால் தன் கண்ணைத் தேய்க்கக்கூடாது, கண் சிவந்து சில நாள் படுத்தும்.

குலிம்_தம்பி | அடுத்த புதன்

அண்ணே, எங்கள் தாமானிலும் (குடியிருப்பு) ஏழெட்டு வீட்டில் கோழி இருக்கிறது. நாளைக்கே கேட்டுப் பார்க்கிறேன். போன வருடம் செத்த கூண்டில்தான் இப்போதும் குஞ்சு விட்டிருக்கிறேன், மூன்று வாரம் ஆகப்போகிறது. இப்போது மாற்றலாமா?

பண்ணைக்காரர் | அடுத்த புதன்

இன்றைக்கே மாற்றுங்கள் தம்பி. மரத்தூளை வழித்து, கழுவி, காயவிடுங்கள். மருந்து போடலாமா, எப்போது என்று நாளைக் காலையில் உங்கள் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள். ஒன்று சோர்ந்தாலும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.